கை தூக்கியிருக்கும்போது எண்ணெய் பார்க்கக் கூடாது

விற்கப் போகிற எதையும் துடைத்துக் கொடுப்பது யசோதாவின் வழக்கம். பழைய மிக்சியைக் கொடுத்தபோது அதன் வயரைக்கூட ஈரத்துணியால் துடைத்துத்தான் சுற்றிக் கொடுத்தாள். அதனால், பழைய இரும்பு வாங்கும் சுனில் வந்து, ஜேசிபியைச் சுற்றிப் பார்த்து, டயரை ஒரு உதை உதைத்து, "ஒடைக்கத்தான் அண்ணா ஆகும், ஓட்டறதுக்கு இத யாரு எடுப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போன மறுநாள் காலை, அரை வாளித் தண்ணீரும் கிழிந்த நைட்டித் துணியும் எடுத்துக்கொண்டு அவள் அதன் மேல் ஏறினாள்.

அவள் அதில் ஏறியது அதுதான் முதல் தடவை. பதினெட்டு வருடமாக அது அவர்கள் வீட்டுச் சாப்பாடு. பெங்களூர் ஹெப்பகோடியில் அவர்களுடைய வாடகை வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில்தான் எப்போதும் நிற்கும். முன்னால் அகலமான வாளி, பின்னால் முழங்கை மடக்கிய மாதிரி ஒரு நீண்ட இரும்புக் கை. எந்தக் கம்பெனி செய்திருந்தாலும் ஜனங்கள் மண்வாரி இயந்திரத்துக்கு வைத்த பெயர் ஜேசிபிதான். இதுவும் அப்படி ஆகிவிட்டது. அதன் சத்தத்தை வைத்து, புருஷன் ஆதிகேசவன் தெருமுனை திரும்பிவிட்டான் என்று தெரிந்துகொண்டு அவள் தோசைக்கல்லை அடுப்பில் போடுவாள். அவ்வளவுதான் அவளுக்கும் அதற்கும் இருந்த பழக்கம்.

சீட்டைத் துடைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். ரெக்சின் கிழிந்து பஞ்சு அமுங்கி, சீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்த பள்ளம் இருந்தது. இடது பக்கம் கொஞ்சம் அதிகமாக. ஆதிகேசவன் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தாலும் அப்படித்தான், இடது பக்கம் சாய்ந்து. பின்பக்கத்து இரண்டு லீவர்களின் கறுப்புக் குமிழ்களும் தேய்ந்து வழுவழுவென்றிருந்தன. ஒன்றின் மேல் அவள் உள்ளங்கையை வைத்தாள். குமிழ் அவள் கைக்குப் பொருந்தவில்லை. வேறொரு கைக்குத் தேய்ந்த பள்ளம் அது. இருபத்தோரு வருடம் பிடித்துப் பழகிய கைதான், ஆனாலும் அதன் உட்புறம் இப்படி இருக்குமென்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

அவள் பிறந்தது கோலார் தங்கவயலில். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தார். அம்மா முப்பது வருடம் அவருடைய சட்டையிலிருந்து சாம்பல் நிறப் புழுதியைத் துவைத்து எடுத்தாள். அந்தப் புழுதி வந்த இடத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பெண்களைக் கீழே இறங்க விடமாட்டார்கள். 'அங்க எப்படிப்பா இருக்கும்' என்று யசோதா கேட்டால் அப்பா, 'இருட்டா இருக்கும்' என்பார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அம்மா ஒரு ஆயுளையே ஓட்டினாள். வாளித் தண்ணீர் காலடியில் இருக்க, யசோதா அந்தப் பள்ளமான சீட்டில் மெல்ல உட்கார்ந்தாள். யாருடைய வீட்டுக்குள்ளேயோ கேட்காமல் நுழைந்துவிட்டது போலிருந்தது.

துடைக்காமலே இறங்கி வந்தாள்.

ஆதிகேசவன் வாசற்படியில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். ஐம்பது வயது. சுகர் கண்ணில் இறங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. வலது கண் முழுக்கப் போய்விட்டது. இடது கண்ணில் நடுவே ஒரு கறை, அதைச் சுற்றி உலகம். மூன்று மாதம் முன்பு ஒருநாள் வேலையிலிருந்து வந்து சாவியை ஆணியில் மாட்டினவன் பிறகு அதை எடுக்கவேயில்லை. காரணம் கேட்டதற்கு, "போதும்" என்றான்.

"இன்னாங்க, எனக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுங்க."

"எந்த வண்டி?"

"நம்ம வண்டி."

டீ டம்ளரைக் கீழே வைத்தான். "அது மிக்சி இல்லமே. எட்டு டன்னு."

"மிக்சிய நான் கேக்கல."

"ஸ்கூட்டிய ஸ்டாண்டு போடறதுக்கே பக்கத்து ஊட்டு நாகேஷக் கூப்புடுவ நீ."

"ஸ்கூட்டி சாயும். இது சாயாதில்ல?"

"சாயும். சாஞ்சா நாகேஷு வந்து தூக்க முடியாது." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. பிறகு அவள் முகம் இருக்கும் திசையில், கறைக்குப் பக்கவாட்டில் கண்ணைத் திருப்பிப் பார்த்தான். "சும்மா கேக்கறியா, நெஜமாவா?"

"நெஜமாதான்."

அவன் டம்ளரை எடுத்து டீயைக் குடித்து முடித்தான். கடைசியில் ஒரு கணக்குச் சொன்னான். சுனிலுக்கு லாரியும் ஆளும் கிடைத்து அவன் வருவதற்கு இன்னும் மூன்று ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. ரகு என்கிற சூப்பர்வைசரின் சைட்டில் மழைத்தண்ணீர் இறங்க ஒரு குழி தோண்டித் தருவதாக, சாவியை மாட்டுவதற்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்தான். அந்த வேலை அப்படியே கிடக்கிறது. ஆறடிக்கு ஆறடி, பத்தடி ஆழம். "அதுக்குள்ள அந்தக் குழிய நீ முழுசா தோண்டிக் குடு. வண்டி இருக்கட்டும். நடுவுல நான் லீவர்ல கை வெக்கற மாதிரி ஆச்சுன்னா, சுனிலு எடுத்துனு போகட்டும். நீயும் அப்புறம் வாயத் தொறக்கக் கூடாது."

"சரி" என்றாள் யசோதா.

பாடம் என்ஜினில் தொடங்கவில்லை. முதல் மூன்று நாள் அவளைச் சாவி போடவே விடவில்லை. காலையில் என்ஜின் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், பெல்ட்டின் இழுவை, டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பது. பிறகு கிரீஸ். இரும்பும் இரும்பும் உரசுகிற ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சின்ன முனை உண்டு, நிப்பிள் என்பார்கள். அதில் கிரீஸ் கன்னைப் பொருத்தி அமுக்க வேண்டும். முப்பத்து நான்கு இடம். அவன் எதையும் சுட்டிக்காட்டவில்லை. காட்டினாலும் அவனுக்குத் தெரியாது. "கையால தேடு" என்பான். அவள் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, அவனுடைய பழைய சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, விரலால் தடவித் தடவிக் கண்டுபிடித்தாள். பதினேழு கிடைத்தது. "பாதி" என்றான். மறுநாள் இருபத்தாறு.

"எவ்ளோ அடிக்கணும்?"

"பழசு வெளிய வரணும். மொதல்ல கறுப்பா வரும். வந்துனே இருக்கும். அப்புறம் புதுசு எட்டிப் பாக்கும் பாரு, அப்ப நிறுத்து."

கறுப்பு வந்தது. மண்ணும் இரும்புத்தூளும் கலந்த, பத்து ஊர் மண்ணைத் தின்ற கறுப்பு. பீன்யா, மர்பி டவுன், அவள் போகாத எத்தனையோ இடம். பிறகு அதன் பின்னாலிருந்து, தேன் நிறத்தில், புதிது. ஒவ்வொரு மூட்டிலும் அந்தத் தேன் நிறம் எட்டிப் பார்க்கும்போது அவள் அதை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள்.

ஒருநாள் நாகேஷ் வந்து என்ஜினை ஓடவிட்டபோது, எண்ணெய் ஓடுகிற ஓஸ் குழாய் ஒன்றில் கசிவது போல் தெரிந்தது. எங்கே என்று பார்க்க அவள் விரலைக் கொண்டுபோனதும், "கைய எடு!" என்று கத்தினான். எப்படித்தான் தெரிந்ததோ. ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து நீட்டச் சொன்னான். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அட்டையை ஊசி குத்தியது போலத் துளைத்துவிட்டுப் போனது. முடியளவு துளை. வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஒரு துளி, ஒரு பளபளப்பு, அவ்வளவுதான். "தோலுக்குள்ள பூந்துச்சுன்னா கையையே எடுக்கணும். அவ்ளோ வேகம் உள்ள ஓடுது." நாகேஷோடு பீன்யாவுக்குப் போய்ப் புது ஓஸ் வாங்கி வந்து, அவளே ஸ்பேனர் போட்டு மாட்டினாள். அதற்குப் பிறகு அந்தக் கறுப்பு ரப்பர் குழாய்களை அவளால் சும்மா பார்க்க முடியவில்லை. இத்தனை அமைதியாக நிற்கிற ஒன்றுக்குள் இத்தனை வேகமா?

நாலாவது நாள் சாவி. என்ஜின் இருமி, கறுப்புப் புகை கக்கி, பிடித்துக்கொண்டது. அதிர்வு சீட்டின் வழியாக முதுகெலும்பில் ஏறிப் பல்லில் வந்து நின்றது. சீட்டைப் பின்பக்கம் திருப்பி, ஜாக்கிக் கால்கள் இரண்டையும் தரையில் ஊன்றி, வண்டியின் பாரத்தை அவற்றின் மேல் ஏற்றி, லீவரைப் பிடித்தாள். இழுத்தாள்.

இரும்புக் கை துள்ளி எழுந்து, வண்டி முழுவதும் ஊஞ்சலாடியது. அவள் "அம்மா!" என்று அலறினாள். ஆதிகேசவன் எதிரே ஓரமாகக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"யாரயாச்சும் அடிக்கப் போறியா? முழுக் கையும் எதுக்கு? ரெண்டு வெரலு போதும்."

இரண்டு விரல். லீவரை ஒரு நெல்மணி அளவு நகர்த்தினாள். பன்னிரண்டடி தள்ளி, இரும்புக் கை மெல்ல, தூக்கத்திலிருந்து எழுகிறவர் சோம்பல் முறிப்பது போல, விரிந்தது. இன்னொரு நெல்மணி. பக்கெட்டின் பல் மண்ணில் இறங்கியது. மூன்று பேர் தள்ளினாலும் அசையாத ஒரு பாறாங்கல், சோற்றிலிருந்து கல்லைப் பொறுக்குவது போல வெளியே வந்தது. அவள் லீவரை விட்டுவிட்டுத் தன் விரல்களைப் பார்த்தாள். வெங்காயம் நறுக்கின கறை இருந்தது. இந்த விரல்தானா? அவள் வாழ்க்கையில் எதைச் சொன்னாலும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஹாஸ்டலில் படிக்கிற மகளிடம், வாடகை வீட்டுக்காரரிடம், ரேஷன் கடையில். சொன்னதைச் சொன்னபடி, சொன்ன அளவுக்கு, உடனே செய்கிற ஒன்றை அவள் இதுவரை பார்த்ததில்லை. பயமாகவும் இருந்தது. தப்பாகச் சொன்னால் தப்பையும் அப்படியே செய்யும்.

அந்த மனையில் அவள் ஒரே குழியைத் தோண்டினாள், மூடினாள், மறுபடி தோண்டினாள். வெட்டின சுவரை ஆதிகேசவன் இறங்கிக் கையால் தடவிப் பார்ப்பான். "வயிறு தள்ளினு இருக்கு" என்பான். இல்லையென்றால், "எலி தோண்டின மாதிரி கீது." தூக்குவது, மடக்குவது, வாளியைச் சுருட்டுவது என்று மூன்றையும் தனித்தனியாகத்தான் அவளால் செய்ய முடிந்தது. ஒன்பதாம் நாள் ஒரே ஒரு வாரலில் மூன்றும் ஒன்றாகிவிட்டன. அவள் எதையும் செய்யவில்லை. மண் தானாக வாளியில் ஏறி வந்தது. அடுத்த வாரலில் அது போய்விட்டது. அன்று முழுக்க அதைத் தேடினாள். கிடைக்கவில்லை. ஆனால் அது இருக்கிற இடம் தெரிந்துவிட்டது.

தப்பு நடந்தது பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை.

வண்டிக்கு முன்னால் தினமும் தண்ணீர் தெளித்து ஒரு சின்னக் கோலம் போடுவது அவளாக ஆரம்பித்தது. ஆதிகேசவன் கிண்டல் செய்தான்: "பதினெட்டு வருசமா கோலம் இல்லாமதான் ஓடுச்சு." வெள்ளிக்கிழமையாயிற்றே, பெரிதாகப் போடலாம் என்று நினைத்தாள். முன்வாளி தரையில் உட்கார்ந்திருந்தது இடைஞ்சல். அதற்கடியில் குப்பை வேறு. அவன் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் என்ஜினைப் போட்டு, முன்வாளியைத் தலைக்குமேலே தூக்கி நிறுத்திவிட்டு, கீழே நன்றாகப் பெருக்கி, பதினைந்து புள்ளி வைத்துக் கோலம் போட்டு முடித்தாள். பிறகு ஒழுங்காகக் காலைச் சோதனை. ஐட்ராலிக் எண்ணெய்த் தொட்டியின் சின்னக் கண்ணாடியைப் பார்த்தால், எண்ணெய் கோட்டுக்குக் கீழே எங்கேயோ கிடந்தது. அய்யோ, இவ்வளவு குறைந்துவிட்டதே என்று பதறிப்போனாள். குறைவாக எதையும் பார்த்துச் சகித்துக்கொள்ளாத கை அவளுடையது. உப்பு ஜாடியோ தண்ணீர்க் குடமோ. கேனைத் தூக்கிக் கோடு வரைக்கும் ஊற்றினாள். திருப்தியாக இருந்தது. ஏறி வாளியை இறக்கினாள்.

தொட்டி மூடியின் வழியே எண்ணெய் பொங்கி, வண்டியின் பக்கவாட்டில் வழிந்து, கோலத்துக்குள் புகுந்து, புள்ளி புள்ளியாக விழுங்கியது.

ஈரத்தலையோடு வந்த ஆதிகேசவன் வாசனையிலேயே தெரிந்துகொண்டான். "இன்னா பண்ண?" சொன்னாள். அவன் குந்தி உட்கார்ந்து, எண்ணெய்க் கோலத்தை விரலால் தொட்டுப் பார்த்து, தரையில் கை ஊன்றிச் சிரித்தான். கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"சிரிக்காதீங்க. கொறஞ்சிருந்துச்சு, நான் பாத்தேன்."

"கொறையலமே. எங்கயும் போகல. கைக்குள்ள ஏறியிருந்துச்சு. தூக்கி நிக்குதே, அத எது தூக்கினு நிக்குதுன்னு நெனச்ச? எண்ணெய்தான். கை தூக்கியிருக்கறப்போ எண்ணெய் பாக்கக் கூடாது. கைய கீழ வெச்சு, மடக்கி, வண்டி அடங்கினப்புறம் பாரு. அப்பதான் நெஜமான அளவு. இன்னொண்ணு, தூக்கின வாளிக்கடியில இனிமே தலையக் குடுத்தீன்னா நானே சுனிலுக்கு போன் போட்டுருவேன்."

அதிகப்படி எண்ணெயை இறக்கி, தரையில் மண் போட்டுத் தேய்த்து, சோப்புத்தூளால் கை கழுவிக்கொண்டிருந்தபோது அவன் சொன்னது அவளுக்குள் மெல்ல இறங்கியது. வேலைவிட்டு வந்து டிவி எதிரே ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்த ஆதிகேசவன். அவனை அவள் எப்போதும் அந்த நேரத்தில்தான் அளந்தாள். வாசலில் செருப்பை விடும் நேரத்தில், கை இன்னும் எங்கேயோ எட்டு டன்னைத் தூக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில். இந்த ஆளுக்குள் ஒன்றுமில்லை என்று கல்யாணமான மூன்றாம் வருடம் முடிவு செய்தவள், அதன்பிறகு அந்த அளவுக் கண்ணாடியைப் பார்க்கவேயில்லை.

மத்தியானம் சாப்பாடு பரிமாறினாள். அவன் சாப்பிட்டு, கை கழுவி, துண்டில் துடைத்து, இரண்டு கையையும் மடியில் வைத்து அமர்கிற வரை ஒன்றும் பேசாமலிருந்தாள். பிறகு கேட்டாள்.

"அன்னிக்கு ஏன் சாவிய மாட்டினீங்க?"

அவன் சொல்லமாட்டான் என்று நினைத்தாள்.

"பக்கெட்ட எறக்கறேன். குழிக்குள்ள ஒரு ஆளு நிக்கறான். நல்ல தூரம், ஒரு மொழம் இருக்கும்னு நெனச்சேன். நின்னப்புறம் அவன் தலைக்கும் பல்லுக்கும் நாலு வெரலு." நான்கு விரலை மடியிலிருந்து எடுக்காமல் விரித்துக் காட்டினான். "அவன் பாக்கல. யாரும் பாக்கல. பீடி பத்தவெச்சுனு இருந்தான்."

அவள் அந்த நான்கு விரல்களையே பார்த்தாள். இதை மூன்று மாதம் தனியாகத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறான்.

ரகுவின் சைட்டுக்கு மூன்றாவது வெள்ளிக்கிழமை போனார்கள். ரோட்டில் ஓட்ட யசோதாவுக்கு லைசென்ஸ் இல்லாததால் நாகேஷ் ஓட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டு, தண்ணீர் லாரி வேலைக்குப் போய்விட்டான். தொழிற்சாலை ஆட்களுக்காகக் கட்டும் வரிசை வீடுகள். மூலையில் சுண்ணாம்பால் ஒரு சதுரம் போட்டு வைத்திருந்தார்கள். ரகு ஹெல்மெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான், அவள் சேலைக்கு மேலிருந்த சட்டையைப் பார்த்தான், ஆதிகேசவனைப் பார்த்தான்.

"ஏனு அண்ணா, அக்காவா ஓட்டறது? தமாஷ் பண்றீங்களா?" ரகுவின் தமிழில் கன்னடம் கலந்திருக்கும்.

"உனக்குக் குழி வேணுமா, ஆளு வேணுமா?"

"குழிதான்..." என்றான் ரகு. "ஸ்வல்ப பாத்து அக்கா. பக்கத்துல செவுரு இதே."

ஆதிகேசவனுக்குப் புங்கமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். யசோதா சதுரத்தின் விளிம்புக்கு வண்டியின் பின்புறம் வருமாறு நிறுத்தி, ஜாக்கிக் கால்களை ஊன்றினாள். வண்டி சாய்ந்தால் தெரியும்படி தண்ணீர் பாட்டிலை எதிரே வைத்தாள். தண்ணீர் மட்டமாக நின்றது. தொடங்கினாள்.

முதல் அடி குப்பை மண், செங்கல் துண்டு, பால் கவர்கள். அதற்குக் கீழே செம்மண். முதல்முறை வெட்டின இடத்தில் அது அத்தனை சிவப்பாக, ஈரமாக, பளபளவென்று இருந்ததைப் பார்த்து அவள் கை நின்றது. பெங்களூரில் இருபது வருடம் நடந்திருக்கிறாள். காலுக்கு மூன்றடி கீழே இந்த நிறம் இருந்ததா? யாரும் பார்க்காத இந்த மண்ணை இந்த நிமிடம் அவள்தான் முதலில் பார்க்கிறாள். ஆதிகேசவன் இதைத்தான் தினமும் பார்த்திருக்கிறான். வந்து சொன்னதில்லை. எப்படிச் சொல்வது? 'சிவப்பா இருந்துச்சு' என்றா?

மூன்று அசைவும் ஒன்றாகிற அந்த இடம் இன்று போவதும் வருவதுமாக இருந்தது. ரகு வேடிக்கை பார்ப்பதை நிறுத்திவிட்டு போனில் பேசப் போய்விட்டான். அதையே பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

நாலரை அடியில் பக்கெட்டின் பல் எதிலோ உராய்ந்தது. லீவர் வழியாக அது அவள் முழங்கைக்கு வந்தது. பாறை உராய்ந்தால் கிறீச்சென்று பல் கூசும். மனையில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். இது வேறு. ஒரு அமுங்கின சத்தம். டொம். அவள் கையை எடுத்துவிட்டாள்.

"ஏன் நிறுத்திட்ட?" மரத்தடியிலிருந்து ஆதிகேசவன். "பாறதான். இந்தப் பக்கம் எல்லா எடத்துலயும் பாற வரும். பல்லக் குத்திப் பேத்து எடு."

அவள் பதில் சொல்லாமல் இறங்கினாள். ஒரு கடப்பாரை வாங்கிக்கொண்டு குழிக்குள் சறுக்கி இறங்கி, மண்ணைக் காலால் விலக்கினாள். சாம்பல் நிறக் கல். ஓரத்தில் கடப்பாரையால் தட்டினாள். டங். ஒரு அடி தள்ளித் தட்டினாள். டொம்.

அவளுக்கு இந்தச் சத்தம் தெரியும். அப்பா எதையும் தட்டிப் பார்க்காமல் விடமாட்டார். சுரங்கத்தில் வெடி வைத்த பிறகு உள்ளே நுழைகிறவர்கள் முதலில் தலைக்கு மேலிருக்கிற பாறையை நீண்ட கம்பியால் தட்டுவார்களாம். மணி மாதிரி ஒலித்தால் கெட்டி, மேளம் மாதிரி ஒலித்தால் ஓடிவிட வேண்டும். அந்தப் பழக்கத்தில் வீட்டுச் சுவர், தகரப் பெட்டி, பூசணிக்காய், அவள் தலை என்று எல்லாவற்றையும் தட்டுவார். 'டங்குன்னா படுத்துத் தூங்கலாம். டொம்முன்னா அந்த எடத்துல நிக்காத, பாப்பா.'

குழியிலிருந்து ஏறி வந்து கேபினைப் பார்த்தாள். பாட்டிலில் தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வலது ஜாக்கிக் கால், இடதைவிட நான்கு விரல் அதிகமாக மண்ணில் புதைந்திருந்தது.

"கீழ வெத்தா கீது" என்றாள். "மேல கல்லுதான் மூடியிருக்கு. அது வண்டிக்கடி வரைக்கும் வருது."

ஆதிகேசவன் எழுந்துவிட்டான். நாற்காலி பின்னால் விழுந்தது. "நீ நவுரு. நான் ஏறி முன்னால எடுத்துர்றேன்." கையை முன்னே நீட்டித் துழாவிக்கொண்டு வண்டியை நோக்கி வந்தான். கறைக்குப் பக்கவாட்டில் பார்த்து, ஒரு முழத்தை நான்கு விரலாகவும் நான்கு விரலை ஒரு முழமாகவும் காட்டுகிற அந்தக் கண்ணோடு.

"யோவ், அங்கயே நில்லு!"

இருபத்தோரு வருடத்தில் அவள் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவன் நின்றான். ரகுவும் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு நின்றான்.

அவள் ஏறினாள். இரும்புக் கையை இரண்டு விரலால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, வண்டியோடு ஒட்ட மடக்கினாள். வேகமாக மடக்கினால் வண்டி ஆடும். ஆடினால் கல் என்ன சொல்லுமோ. பிறகு இடது காலை ஒரு நூல், வலது காலை ஒரு நூல். பாரம் பின்சக்கரங்களில் மெல்ல உட்கார்ந்தது. அடியிலிருந்து ஒரு முனகல் வந்தது, அல்லது வந்ததாக அவளுக்குத் தோன்றியது. சீட்டைத் திருப்பி, கியர் போட்டு, எறும்பு ஊர்கிற வேகத்தில் முன்னால் நகர்ந்தாள். பத்தடி. இருபதடி. நிறுத்தி, சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தாள்.

மற்றது இரண்டு மணி நேரம். கடப்பாரையால் தட்டித் தட்டி, எங்கே டங், எங்கே டொம் என்று அவள் சொல்ல, ரகு சுண்ணாம்பால் கோடு போட்டான். பதினைந்தடிக்குப் பதினைந்தடி. ஆட்கள் மண்வெட்டியால் மேல் மண்ணை எடுத்ததும், வரிசையாகப் போட்ட கருங்கல் பலகைகள் தெரிந்தன. வண்டியைக் கெட்டியான பக்கத்துக்குச் சுற்றிக் கொண்டுவந்து, எட்ட நிறுத்தி, ஒரு பலகையில் சங்கிலி மாட்டினார்கள். யசோதா லீவரைத் தொட்டாள். நெல்மணி. அரை நெல்மணி. கொதிக்கிற பாத்திரத்தின் மூடியைத் திறப்பது போல, கல் ஒரு ஓரமாக எழுந்து, ஆடாமல், உரசாமல், பக்கத்தில் போய்ப் படுத்தது.

குளிர்ந்த காற்று ஒன்று மேலே வந்தது. ஏப்ரல் மாத வெயிலில், வேறு ஏதோ காலத்துக் காற்று.

அவள் இறங்கி வந்து, எல்லோரோடும் ஓரத்தில் மண்டியிட்டுப் பார்த்தாள். நான்கு பக்கமும் கல் அடுக்கிய கிணறு. ஒரு பக்கம் படிகள் இறங்கி இருட்டுக்குள் போயின. அடியில், வெகு ஆழத்தில், ஒரு சதுர வானம். அதில் ஐந்தாறு தலைகள். எது தன் தலை என்று தெரிய அவள் லேசாகக் கையசைத்தாள். கீழேயிருந்து ஒருத்தி கையசைத்தாள்.

இந்தக் கிணற்றின் மேல் லாரி போயிருக்கிறது, ஆட்கள் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். அது அங்கேயே, தன்பாட்டுக்கு, தண்ணீரை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

"நீரு இதே அக்கா" என்று ரகு முணுமுணுத்தான். "இவ்வளவு தண்ணி..."

"எனக்கு?" என்றான் ஆதிகேசவன் பின்னாலிருந்து. குழந்தை கேட்பது போலிருந்தது.

அவள் அவன் கையைப் பிடித்து ஓரத்துக்குக் கூட்டி வந்து குப்புறப் படுக்க வைத்தாள். ரகு அவன் காலைப் பிடித்துக்கொண்டான். அவள் ஒரு சிறு கல்லை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். போட்டான். ஒன்று. இரண்டு. டுபுக். அந்தச் சத்தம் நான்கு சுவரிலும் மோதிச் சுற்றிச் சுற்றி மேலே வந்து அவர்கள் முகத்தைத் தொட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டு, அது முழுக்க அடங்குகிற வரை அசையவில்லை.

"இன்னொண்ணு குடு" என்றான்.

சாயங்காலம் நாகேஷ் வண்டியை ஓட்டிக்கொண்டு வர, வழியெல்லாம் ஆதிகேசவன் பேசவில்லை. சனிக்கிழமையும் பேசவில்லை. ரகு அந்த மூலையில் குழியே வேண்டாமென்று சொல்லிவிட்டான். மழைத்தண்ணீரைக் கிணற்றுக்கே விடலாம் என்று இன்ஜினியர் சொன்னாராம். ஆறடிக்கு ஆறடி, பத்தடி ஆழம் என்று பேசின குழியில் நாலரை அடிதான் தோண்டியிருக்கிறாள். பேச்சு என்றால் பேச்சு. அவளும் கேட்கவில்லை. அவன் கையைக் கீழே வைக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கோலத்தைத் தள்ளி, வாசல் பக்கமாகப் போட்டாள். முன்வாளி தரையில் இருந்தது. பின் கை மடங்கியிருந்தது. கண்ணாடியில் எண்ணெய் கோட்டைத் தொட்டு நின்றது. கிரீஸ் கன்னை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் புகுந்தாள். விற்பதானாலும் சுத்தமாகக் கொடுக்க வேண்டும்.

முப்பத்து மூன்று முடிந்திருந்தபோது லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சுனிலின் செருப்பு தெரிந்தது. வாசற்படியிலிருந்த ஆதிகேசவனின் கால்களும்.

"என்ன அண்ணா, ரெடியா? சாவி குடுங்க."

டீயை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"என்னக் கேக்காத" என்றான் ஆதிகேசவன். "ஆபரேட்டரு வண்டிக்கடியில கீறாங்க. அவங்களக் கேளு."

சுனில் குனிந்தான். தலைகீழாக அவன் முகம் தெரிந்தது. "அக்கா? சாவி?"

யசோதாவின் கையில் கடைசி மூட்டு. அமுக்கினாள். கறுப்பு வந்தது. மறுபடி அமுக்கினாள். இன்னும் கறுப்புதான் வந்துகொண்டிருந்தது. புதிது எட்டிப் பார்க்கும்வரை அவள் யாருக்கும் பதில் சொல்வதாக இல்லை.